கண்ணும் கருவியும்

கண்ணாற் காண்பதும் பொய்யாகலாம் என்பது பழமொழி. அறிவியல் ஆராய்ச்சிக் கூடத்திற்கும் இம்மொழி பொருந்தும் என்பதை அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு தெளிவாக்கிற்று.

உளவியல் அறிஞர் இராபர்ட் ரோசந்தாலும் அவருடன் ஆய்ந்த ஒருவரும் 1963இல் அதனை வெளியிட்டனர். மாணவர் 12 பேருக்கு 5 எலிகள் வீதம் அளிக்கப்பட்டன. சிலரிடம், 'இவை அறிவிற் சிறந்த மரபின' என்றும், ஏனையோரிடம், 'இவை மந்த மரபின' என்றும் கூறப்பட்டது. உண்மையில் அவ்வெலிகளிடையே அத்தகைய வேற்றுமை யாதும் இல்லை. எனினும், இரு கிளையாகப் பிரியும் வழியில் கருநிறக் கிளையைத் தேர்ந்து செல்லும் சோதனையில், சிறந்தவை எனப்பட்ட எலிகளே மிகுதியாக வென்றன என மாணவர் குறித்தனர். உள்ளத்தில் ஊன்றிய எண்ணம் ஏட்டிலும் ஏறிவிட்டது!

இத்தகைய குறையைக் களையக் கருவி துணை செய்கின்றது. கூண்டின்மேற் பொருத்திய காமிரா எலியை இடையறாது படம் பிடிக்கின்றது. கணிப்பொறி ஒவ்வொரு படத்திலும் எலி நிற்கும் இடத்தைக் கண்டு, அது சென்ற தொலைவையும் விரைவையும் சுவரோரம் ஒதுங்கிய நேரத்தையும் கணக்கிடுகின்றது. இரவில் நடமாடும் இயல்புடைய எலிகளை அகச்சிவப்பு ஒளியின் துணையால் இருளிலும் காண்கின்றது. அதற்குச் சோர்வு இல்லை. சிறந்த எலி, மந்த எலி என்னும் எண்ணமும் இல்லை. மனிதர்க்குரிய மருந்துகள் பல முதலில் எலிகளிடத்தே சோதிக்கப்படுதலின், இந்நடுவுநிலைமை பெரும்பயன் உடையது.

ஆயினும், கருவி வந்தமையாற் பிழை ஒழிந்தது என்று கருதுவது தவறு. கருவி காப்பது கண்ணை மட்டுமே. கையும் கருத்தும் மனிதனுடையனவாகவே நிற்கின்றன.

முதலிற் கையை நோக்குவோம். சிறந்தவை என நம்பிய மாணவர், தம் எலிகளை மென்மையாகக் கையாண்டதாகத் தாமே உரைத்தனர். ஆகவே அவ்வெலிகள் மெய்யாகவே நன்கு ஓடியிருத்தலும் கூடும். கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வோ, ஆடவர் அருகிருப்பின் அவர்தம் மணமே எலிகளைக் கலங்கச் செய்து, நோவைக் காட்டும் முகக்குறிகளைக் குறைத்துவிடும் எனக் காட்டிற்று. கலங்கிய எலியைக் காமிரா பிழையின்றி அளந்தாலும், கிடைப்பது கலக்கத்தின் அளவே அன்றோ?

இனிக் கருத்தை நோக்குவோம். அசையாதிருக்கும் எலி அஞ்சி நிற்கின்றதா, துயில்கின்றதா? எத்தனை நொடி அசையாதிருப்பின் அச்சம் எனக் கொள்வது என்னும் வரையறையை மனிதனே வகுக்கின்றான். 2018இல் வெளிவந்த டீப்லேப்கட் என்னும் கணிப்பொறி நிரலும், மூக்கு, செவி, வால் முதலியவற்றை மனிதர் புள்ளியிட்டுக் காட்டிய படங்களிலிருந்தே கற்றுக்கொள்கின்றது. ஆசானின் பிழை மாணவனையும் சாரும்.

ஆதலின், கருவியைப் போற்றுதல் வேண்டும். அதனோடு, வரையறையைச் சோதனைக்கு முன்னரே எழுதிவைத்தலும், எவ்வெலிக்கு எம்மருந்து என்பதைக் கையாள்வோர் அறியாதிருத்தலும், கருவியின் கணக்கை இடையிடையே கண்ணால் ஒத்துப்பார்த்தலும் வேண்டும். மனிதன் நலத்திற்காக வாயில்லா உயிர்களின் வாழ்வு செலவிடப்படுகின்றது. அவை காட்டும் உண்மையைத் திரிக்காமல் ஏற்பதே அவற்றிற்கு அவன் செய்யத்தக்க குறைந்த அளவு கைம்மாறு.