நாபோத்தின் நிலமும் நமது பத்திரமும்

சென்ற மாதம் பங்கின் அன்பர் ஒருவர் புதுமனை மந்திரிக்க அழைத்தார். மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையோரம் அழகான மனை. மூலப் பத்திரத்தைக் கேட்டேன். "எதற்குச் சாமி? பட்டா என் பெயரில்தானே இருக்கிறது!" என்றார். அவ்வூர் முதியோர் அந்நிலத்தை இன்றும் பஞ்சமி நிலம் என்றே சுட்டுகின்றனர், அதனாலேயே கேட்டேன்.

1891-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நிலை பற்றிச் சுற்றுமடல் விடுத்தார். அதே ஆண்டில் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், நிலமற்ற ஒடுக்கப்பட்டோரின் அவலத்தை அரசுக்கு அறிக்கையாக அளித்தார். அதன் பயனாக 1892-இல் சென்னை மாகாண அரசு அம்மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. 12 இலட்சம் ஏக்கர் வரை வழங்கப்பட்டதாகக் கூறுவர். முதல் பத்தாண்டுகள் அந்நிலத்தை விற்கவோ, அடகு வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரன்றிப் பிறருக்கு மாற்றினால் அது செல்லாது. இதுவே நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் இருந்தது, நிலம் கைமாறிற்று. செங்கல்பட்டை அடுத்த காரணையில் மக்கள் தம் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடினர். 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர்.

"அவர்களாகத்தானே விற்றார்கள்?" என்பர் சிலர். பசியும் வட்டியும் நெருக்க, படிக்கத் தெரியாத தாளில் வைத்த கைநாட்டு விருப்பமாகுமா? அந்த நெருக்கடியை முன்னறிந்தன்றோ நிபந்தனை விதிக்கப்பட்டது! "தனிச் சொத்துரிமையைத் திருச்சபையே காக்கிறதே?" என்பர் வேறு சிலர். உண்மை. ஆனால் யாருடைய சொத்துரிமையை? மண்ணின் நன்மைகள் மாந்தர் அனைவருக்கும் உரியவை என இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. அது ஒருபுறம் இருக்கட்டும். பத்திரத்தின்படியே பார்த்தாலும் முதல் உரிமையாளர் அந்த ஏழையே.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ஆகாபின் கைக்கு வந்ததும் ஆவணத்தின் வழியேதான். ஈசபேலின் மடலில் அரச முத்திரை இருந்தது, சாட்சிகளும் இருந்தனர். எனினும் எலியா அந்த முத்திரையை மதிக்கவில்லை.

திருடியதைத் திருப்பித் தராமல் பாவசங்கீர்த்தனம் நிறைவுறாது எனக் குருமடத்தில் கற்றோம். கோழி திருடியவனுக்கு இதைச் சொல்கிறோம். ஏக்கர்களை வளைத்தவனுக்கோ முதல் வரிசையில் இருக்கை இடுகிறோம்.

ஆதலால் நிலம் வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாது, வட்டாட்சியர் அலுவலகத்துப் பழைய நிலவரிப் பதிவேட்டையும் காணுங்கள். பஞ்சமி நிலம் எனில் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் உரியவரைத் தேடுங்கள். பிறருக்குச் சொல்லுமுன் பங்கின் நிலப் பத்திரங்களையே முதலில் எடுத்துப் பார்க்கத் தொடங்கியுள்ளேன். அந்த அன்பரின் மனை இன்னும் மந்திரிக்கப்படவில்லை. தீர்த்தச் செம்பு ஆயத்தமாயிருக்கிறது. மூலப் பத்திரம்தான் வரவேண்டும்.