ரஷியாவை வென்ற கோல் காவலர்
இன்று கேட்கும் கேள்வி என்ன?

பனிக்கட்டித் தரை. காலில் சறுக்குக் காலணி. கையில் நீண்ட தடி. ஒரு பக்கத்துக்கு 6 பேர். இதுதான் பனி ஹாக்கி.

இதில் பந்து கிடையாது. கறுப்பு நிற ரப்பர் வில்லையைத்தான் அடிப்பார்கள். அது மணிக்கு 150 கிலோ மீட்டருக்கும் மேலான வேகத்தில் பறந்து வரும். அதைத் தடுக்க ஒரே ஒருவர் வலைமுன் நிற்பார். அவர்தான் கோல் காவலர்.

உலகம் கண்ட மிகச் சிறந்த கோல் காவலர்களில் ஒருவர், செக் நாட்டுக்காரர் டொமினிக் ஹாஷெக்.

டாங்கிகள் வந்தன

ஹாஷெக் 1965-ல் பார்டுபிட்சே நகரில் பிறந்தார். அவருக்கு 3 வயது ஆனபோது, 1968 ஆகஸ்டில், சோவியத் ரஷியாவின் டாங்கிகள் அவர் நாட்டில் புகுந்தன. மக்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் தர அந்நாட்டு அரசு முயன்றது. அதுதான் குற்றம்!

1983-ல் அமெரிக்காவின் சிகாகோ அணி ஹாஷெக்கைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் கம்யூனிஸ்டு ஆட்சியில் நினைத்தபடி வெளிநாடு போக முடியாது. 1989-ல் அந்த ஆட்சி வீழ்ந்தது. 1990-ல் அவர் அமெரிக்கா சென்றார்.

பிறகு பஃபலோ அணியில் சேர்ந்து புகழின் உச்சிக்குப் போனார். 1997, 1998 ஆகிய இரு ஆண்டுகளிலும் அமெரிக்க-கனடா தேசிய லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. கோல் காவலருக்கு இது அபூர்வமான பெருமை.

நகானோ வெற்றி

1998-ல் ஜப்பானின் நகானோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அரை இறுதியில் செக் அணியும் கனடாவும் சமநிலையில் நின்றன. கனடா வீரர்கள் 5 பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அடித்தார்கள். ஐந்தையும் ஹாஷெக் தடுத்துவிட்டார்!

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ரஷியா. செக் அணி 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியின் யாரோமிர் யாகர் சட்டையில் போட்டிருந்த எண் 68. டாங்கிகள் வந்த ஆண்டின் நினைவு அது. பிராக் நகர மக்கள் வீதியில் திரண்டு ஆடிப் பாடினார்கள்.

புதிய போர்

2022 பிப்ரவரியில் ரஷியா உக்ரைன்மீது படையெடுத்தது. சர்வதேச பனி ஹாக்கி சம்மேளனம் ரஷிய அணியை விலக்கிவைத்தது. 2026 மிலான் ஒலிம்பிக்கிலும் ரஷிய ஹாக்கி அணி ஆடவில்லை.

ஹாஷெக்குக்கு அது போதவில்லை. "தேசிய லீகில் ஆடும் ரஷிய வீரர்களின் ஒப்பந்தங்களையும் நிறுத்துங்கள்" என்றார். அவர்கள் பெறும் புகழ், ரஷியாவின் போருக்கு விளம்பரம் என்பது அவர் வாதம்.

லீக் இணங்கவில்லை. அது நாடுகளின் அமைப்பு அல்ல. தனியார் அணிகளின் அமைப்பு. அங்கே ஆடுபவர் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்தவர். 2025 ஏப்ரலில் ரஷிய வீரர் ஒவெச்கின் 895-வது கோலை அடித்து, லீகின் பழைய சாதனையை முறியடித்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

யார் பக்கம் நியாயம்?

அரசு செய்த குற்றத்துக்கு ஆட்டக்காரனைத் தண்டிக்கலாமா? கூடாது என்பவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிறந்த நாட்டை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. போரை எதிர்த்துப் பேசினால் ரஷியாவில் சிறைத் தண்டனை உண்டு. ஊரில் உள்ள குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்று வீரன் அஞ்சலாம்.

ஆனால் விளையாட்டில் அரசியல் கூடாது என்று சொல்லி ஹாஷெக்கின் வாயை அடைக்க முடியாது. 1983-ல் அவரைத் தடுத்து வைத்தது அரசியல்தான். யாகரின் சட்டையில் 68 என்று எழுத வைத்ததும் அரசியல்தான்.

தேசக் கொடியின் கீழ் ஆடும் அணி வேறு. கூலிக்கு ஆடும் தனி மனிதன் வேறு. முதலாவதை விலக்குவது சரி. இரண்டாமவனை, அவன் தன் வாயால் போரைப் புகழ்ந்தாலொழிய, தண்டிப்பது சரியல்ல. ஹாஷெக் கேட்ட தண்டனை அதிகம். ஆனால் அவர் கேட்ட கேள்வி அவசியமானது. வீட்டுக்குள் டாங்கி வந்த அனுபவம் உள்ள நாட்டிலிருந்து அது வருகிறது.