புது வண்டிக்கு வேகம் எதிரியல்ல

புதுக் கார் எடுத்தவருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை, ‘ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டுங்க’ என்பதுதான். கியர் வண்டிக்கு இது அரைகுறை அறிவுரை. வேகத்தைக் குறைத்தால் போதும் என்று எண்ணி, முப்பது நாற்பதிலேயே ஐந்தாவது கியரைப் போட்டு உருட்டுகிறவர்கள் ஏராளம். வேகமுள் கீழேயே நிற்பதால் இன்ஜினுக்கு அலுப்பில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் புது இன்ஜினை வதைப்பது அந்த உருட்டல்தான்.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல வழவழவென்று இருக்காது. ஆயில் தங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே ஹோனிங் செய்து, ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கீறல்களைப் போட்டிருப்பார்கள். பிஸ்டன் ரிங் அந்தக் கீறல்களின் மேடுகளில் உரசித்தான் சுவரோடு படிய வேண்டும். எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் கிடைக்க இன்ஜினுக்கு ஓரளவு வேலை கொடுத்தாக வேண்டும். வேகத்தை ஒரே நிலையில் பிடித்துவைக்காமல் ஏற்றி இறக்கி ஓட்டச் சொல்வது இதனால்தான். ஓரளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன்: முதல் ஆயிரத்தில் ஆர்பிஎம் முள்ளைச் சிவப்புக்கோட்டுக்கு விரட்டுவதும் தவறு. மறுபக்கம், மேல் கியரில் ஆர்பிஎம் விழுந்துகிடக்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் கியர் லீவர் கைக்குள் நடுங்கும், டேஷ்போர்டு கடகடக்கும். ஆயில் பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுழல்வது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆயில் அழுத்தமும் குறைவு. பேரிங்குகள் பெரும் பாரத்தைத் தாங்க வேண்டிய நேரத்தில்தான் இந்தக் குறை. நேரடி எரிபொருள் பீய்ச்சல் கொண்ட டர்போ பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்பார்க் பிளக் பொறி விடுமுன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனையே உடைக்கக்கூடிய கோளாறு இது. 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி தர ஆயிலுக்கு இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்.

இன்றைய இன்ஜின்கள் அவ்வளவு நுட்பமாகக் கடைந்து வருகின்றன, ரன்னிங்-இன் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ரிங் படிய முன்புபோல் நாளாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் உரசி உரசியே முகம் படிகின்றன; புது டயரின் மேல்பூச்சு தேயும்வரை பிடிப்பும் முழுதாக வராது. மைலேஜ் போய்விடுமே என்ற கவலையிலும் நியாயம் இருக்கிறது. சமதளத்தில், காலை லேசாக வைத்து ஒரே சீராகப் போகும்போது மேல் கியர்தான் சிக்கனம். அதை யாரும் மறுக்க முடியாது. அதே கியரில் இழுவையைக் கேட்பதுதான் பிழை. மேம்பாலத்தில் ஏறும்போது ஆட்டோமேட்டிக் வண்டி தானே கியரை இறக்கிக்கொள்ளும். கியர் வண்டியில் அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவரின் இடது கைக்கு. வண்டி திணறத் தொடங்குமுன்பே மூன்றாவதுக்கு இறக்கிவிடுங்கள். ஏற்றத்தில் நெரிசலில் நிற்க நேர்ந்தால் அரைக் கிளட்சில் வண்டியைத் தாங்காமல், நியூட்ரலுக்கு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, இடது காலை கிளட்சிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள்.