ஒடிந்தது கம்பிதான், கித்தார் அல்ல!

"டக்" என்று ஒரு சத்தம்.

கையில் ஒரு கம்பி. அதன் நுனியைக் காணோம். நுனி கித்தாருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு விட்டது!

மின்சாரக் கித்தார் வாசிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இது நடக்கக்கூடிய விபத்துதான். உடனே என்ன ஆகிறது? பிள்ளையின் முகம் வாடுகிறது. "இதற்குத்தானா இத்தனை பணம் கொடுத்து வாங்கினேன்?" என்று அப்பா சத்தம் போடுகிறார். "அவனைத் திட்டி என்ன பயன்? கடையில் காட்டிப் பாருங்கள்" என்கிறார் அம்மா. இதற்குள் அண்ணன் ஒரு குறடைத் தேடி எடுத்து வந்து, உள்ளே இருக்கும் துண்டைக் குடைய ஆரம்பித்து விடுகிறான்.

கம்பி ஒடிந்தபோது கித்தார் கெடவில்லை. இப்போதுதான் கெடப்போகிறது!

ஒடிந்த கம்பியை மாற்றுவது பெரிய காரியம் அல்ல. ஆனால் அளவு தெரியாமல் மாற்றினால், சிறிய செலவோடு போகவேண்டியது பெரிய செலவில் போய் முடியும். இன்று இதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

எதற்கு இந்தக் கம்பி?

வீணை வாசிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தந்தியை விரலால் பக்கவாட்டில் இழுப்பார்கள். சுரம் அசையும், குழையும். பாட்டுக்கு உயிர் வரும்.

மின்சாரக் கித்தாரில் இந்த வேலைக்கு ஒரு கம்பியும் உண்டு. அதற்கு "டிரெமலோ" கம்பி என்று பெயர். தந்திகள் வந்து சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. அந்தத் தகட்டில் இந்தக் கம்பி திருகப்பட்டிருக்கும். கம்பியை அமுக்கினால் தகடு முன்னால் சாய்கிறது. ஆறு தந்திகளும் ஒரே சமயத்தில் தளர்கின்றன. சுரம் இறங்குகிறது. கையை எடுத்தால், கித்தாரின் முதுகுப்பக்கம் உள்ள ஸ்பிரிங்குகள் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. சுரமும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

ஒரு வேடிக்கை: இந்தப் பெயரே தவறு! "டிரெமலோ" என்றால் சத்தம் கூடிக் குறைவது. சுரம் ஏறி இறங்குவதற்கு "வைப்ராட்டோ" என்றுதான் பெயர். ஆனால் பெயர் மாறி நிலைத்துவிட்டது. கடையில் "டிரெமலோ கம்பி" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

ரேடியோ ரிப்பேர் செய்தவர்

இந்தக் கம்பியை ஊர் உலகம் எல்லாம் பரப்பியது, 1954-ல் அமெரிக்காவில் வெளிவந்த "ஸ்ட்ராட்டோகாஸ்டர்" என்ற கித்தார். அதைத் தயாரித்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியா மாகாணத்தில், புல்லர்ட்டன் என்ற ஊரில், ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர்.

அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! ஆனால் பழுது பார்க்கத் தெரியும். வாசிப்பவர்கள் சொல்லும் குறைகளைக் காது கொடுத்துக் கேட்பார். முதலில் செய்த டிரெமலோ அமைப்பு சரியாக அமையவில்லை. அதைக் கைவிட்டு, புதிதாக வேறொன்று செய்தார்கள். அதுதான் நிலைத்தது. 1956-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

1969-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் "உட்ஸ்டாக்" இசை விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தம் நாட்டுத் தேசிய கீதத்தைக் கித்தாரில் வாசித்தார். அவர் கையில் இருந்ததும் ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். அந்தக் கம்பியை அமுக்கியும் ஆட்டியும் அவர் எழுப்பிய அலறலும் முழக்கமும் இன்றுவரை பேசப்படுகின்றன.

ஏன் ஒடிகிறது?

இவ்வளவு வேலை செய்யும் கம்பி ஏன் ஒடிகிறது?

ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 40 கிலோவுக்கும் மேல். அதைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங்குகளை எதிர்த்துத்தான் ஒவ்வொரு தடவையும் கம்பியை அமுக்குகிறோம். கம்பியின் நுனியில் திருகு வரிகள் இருக்கின்றன. இவற்றை மரை என்று சொல்வார்கள். மரை வெட்டிய இடத்தில் கம்பியின் கனம் குறைவு. பலம் எல்லாம் வந்து விழுவதும் அந்த இடத்தில்தான்.

கம்பி நன்றாகத் திருகப்படாமல் "லொட லொட" என்று ஆடினால் ஆபத்து இன்னும் அதிகம். ஒவ்வோர் ஆட்டத்திலும் மரை கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. ஒருநாள் "டக்!"

ஆகவே பிள்ளை முரட்டுத்தனமாக வாசித்ததுதான் காரணம் என்று திட்டாதீர்கள். கம்பியைக் கழற்றாமல் உறைக்குள் திணித்ததும் காரணமாக இருக்கலாம். தளர்ந்த கம்பியைப் பல மாதம் கவனிக்காமல் விட்டதும் காரணமாக இருக்கலாம்.

தாள் கனத்தில் ஒரு வம்பு

புதுக் கம்பி வாங்கப் போகிறீர்கள். ஜாக்கிரதை! எல்லாக் கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். மரை மட்டும் வேறு வேறு.

அமெரிக்க அளவில் செய்த கம்பியின் மரை 4.83 மில்லிமீட்டர் கனம். மற்ற நாடுகளில் செய்யும் பல கித்தார்களில் 5 மில்லிமீட்டர். சிலவற்றில் 6 மில்லிமீட்டர். திருகு வரியே இல்லாமல், குத்தினால் உட்காரும் கம்பிகளும் உண்டு.

4.83-க்கும் 5-க்கும் என்ன வித்தியாசம்? இரண்டு தாளின் கனம்கூட இல்லை! வரிகளின் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால்தான் ஏமாந்து போகிறோம். 5 மில்லிமீட்டர் கம்பியை அமெரிக்கத் துளையில் வைத்தால், நுனி பிடிப்பதுபோல் தோன்றும். பிறகு இறுகும். "இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகு" என்று யாராவது சொல்வார்கள். திருகினால், துளைக்குள் இருக்கும் மரை நாசமாகிவிடும்! மாறாக, அமெரிக்கக் கம்பியை 5 மில்லிமீட்டர் துளையில் போட்டால் தளர்ந்து ஆடும். மறுபடியும் ஒடியும்.

இதற்கு வழி என்ன? ஒடிந்த கம்பியைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் சாட்சி! அதில் மரை கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அதையே கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மரை முழுவதும் உள்ளே தங்கிவிட்டால், அந்தத் துண்டை எடுத்த பிறகு அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பர் வைத்திருக்கும் எந்த லேத் பட்டறையிலும் ஒரு நிமிஷத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள்.

புதுக் கம்பியை விரலால் மட்டுமே திருகுங்கள். விரலுக்கு இடம் கொடுக்காத கம்பி உங்கள் கித்தாருக்கு உரியது அல்ல.

உள்ளே மாட்டிய துண்டு

புதுக் கம்பி போடவேண்டுமானால் பழைய துண்டு வெளியே வரவேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த இடத்துக்கு அது நன்றாகப் பொருந்தும்.

துண்டு சிறிதளவாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். கூர்மூக்குக் குறடால் பிடித்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். கம்பிதான் ஒடிந்துவிட்டதே! இனி அதை அழுத்தும் பாரம் இல்லை. ஆகவே பல சமயம் துண்டு சுலபமாகவே கழன்றுவிடும்.

துண்டு உள்ளே அமுங்கியிருந்தால் என்ன செய்வது? முதலில் தந்திகளை எல்லாம் தளர்த்துங்கள். பிறகுதான் முதுகுப்பக்க மூடியைத் திறந்து ஸ்பிரிங்குகளை எடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. இறுகியிருக்கும் ஸ்பிரிங் துள்ளினால் கண்ணுக்கு ஆபத்து. சிறுவர்கள் தனியாகச் செய்யவேண்டிய வேலை அல்ல இது.

தகட்டைத் தனியாக எடுத்த பிறகு, துளைக்குள் துரு நீக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கித்தாரில் வைத்தபடியே எண்ணெய் விட்டால் மரத்தில் ஊறிவிடும். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் கூரான ஊசியால் துண்டின் ஓரத்தைத் தொட்டு, எதிர்ப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் வந்துவிடும். அசையாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சுழன்று துளைக்கும் டிரில் வைத்திருக்கும் பட்டறைக்காரரிடம் கொடுங்கள்.

அதுவும் பலிக்கவில்லையா? அப்போதும் கித்தார் போய்விடவில்லை. தகட்டின் கீழே தொங்கும் உலோகக் கட்டையில்தான் துண்டு சிக்கியிருக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அந்தக் கட்டையை மூன்று திருகுகள் மட்டுமே தகட்டோடு பிடித்துக்கொண்டிருக்கின்றன. கட்டையை மட்டும் மாற்றலாம். ஆனால் அதற்கும் அளவு பார்த்துத்தான் வாங்கவேண்டும்!

மாற்றினால் மதிப்புக் குறையுமா?

"ஒரிஜினல் சாமான் போய்விட்டதே, இனி இதற்கு என்ன மதிப்பு?" என்று சிலர் வருத்தப்படுவார்கள்.

இங்கிலாந்தைச் சேர்ந்த "பிங்க் ஃபிளாய்ட்" இசைக்குழுவின் கித்தார் கலைஞர் டேவிட் கில்மர். அவர் 1970-ல் நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கினார். அதற்கு நடந்தவற்றைக் கேளுங்கள். கழுத்துப் பகுதி பல தடவை மாற்றப்பட்டது. ஒலியை வாங்கும் காந்தச் சுருள்கள் மாற்றப்பட்டன. டிரெமலோ அமைப்பையே எடுத்துவிட்டு, மரத்தைக் குடைந்து வேறொன்றைப் பொருத்தினார்கள். பிறகு அது வேண்டாம் என்று பழைய முறைக்கே திரும்பினார்கள். குடைந்த இடத்தை அடைத்தார்கள். டிரெமலோ கம்பியும் அவர் கைக்கு ஏற்றபடி நீளம் குறைக்கப்பட்டது.

அந்தக் கித்தார் 2019 ஜூன் மாதம் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 39 லட்சத்து 75 ஆயிரம் டாலர்! பூமியின் தட்பவெப்பத்தைக் காக்கும் பணிக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார் கில்மர்.

எத்தனையோ முறை பிரித்துப் பூட்டிய கித்தார் அது. அதனால் அதன் பெருமை குறைந்ததா? இல்லை. பழுது பார்த்துப் பழுது பார்த்து அதையே வாசித்து வந்ததால்தான் அது அவருடைய கித்தார் ஆயிற்று.

கம்பெனிகளின் கடமை

கித்தார் செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. மரையின் அளவைக் கம்பியிலேயே பொறித்துவிட்டால் என்ன? இரண்டு மூன்று எழுத்து, அவ்வளவுதான். கூடவே வரும் குறிப்புத் தாளிலாவது ஒரு வரி அச்சிடலாம். இதற்குப் பெரிய செலவு ஆகாது. எத்தனையோ வீடுகளில் நல்ல துளைகள் நாசமாகாமல் தப்பும்! பணம் கொடுத்து வாங்கியவர் கேட்கும் நியாயமான தகவல் இது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அளவைக் கேட்டுக் குறித்து வைத்துக்கொள்வது நம்முடைய கடமை.

இனி ஒடியாமல் இருக்க மூன்று காரியம் செய்யுங்கள். உறையில் வைக்கும் முன் கம்பியைக் கழற்றிவிடுங்கள். கம்பியைப் பிடித்துக் கித்தாரைத் தூக்காதீர்கள். கம்பி ஆடினால், குழாய் வேலைக்காரர்கள் உபயோகிக்கும் டெஃப்லான் டேப்பை மரையில் ஒரு சுற்றுச் சுற்றித் திருகுங்கள். ஆட்டம் நின்றுவிடும்.

ஒடிந்த கம்பியைப் பார்த்து நிற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேரும் சேர்ந்து அளந்து, கழற்றி, மாட்டுங்கள். சாயங்காலம் வீட்டில் மறுபடியும் கித்தார் ஒலிக்கும். அதோடு, உடைந்ததைச் சரிசெய்யும் வழக்கமும் பிள்ளைக்கு வந்துவிடும்.