சிஸ்டர் மட்டும் ஏன் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்?

போன ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுல 14 வருஷமா ஐசியூ. "முதுகு போச்சுடா, நைட் ட்யூட்டி இனிமே முடியாது. வேற ஏதாவது பாக்கணும்"னா. உடனே பெரியப்பா, "இத்தனை வருஷத்தையும் வீணாக்கப் போறியா?"ன்னாரு.

எனக்கு சுருக்குன்னுச்சு. நான் டெஸ்டிங்ல இருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறினப்போ இதே பெரியப்பாதான் ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தாரு :-)

நர்ஸ்னா வார்டு மட்டும்தான்னு நினைக்கிறோம். டயாலிசிஸ், தொற்றுத் தடுப்பு, நர்சிங் கல்லூரியில பாடம் எடுக்கறதுன்னு வழி நிறைய இருக்கு. 2018-ல வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டப்படி 6 மாசப் பயிற்சி முடிச்ச நர்ஸ், துணை சுகாதார நிலையத்துலயே பொறுப்பு ஏத்துக்கலாம். 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, படுத்த படுக்கையா இருக்கறவங்களப் பாக்க நர்ஸ் வீட்டுக்கே போறாங்க.

ஆனா அக்கா விசாரிச்ச இடத்துலயெல்லாம் ஒரே பதில்: புதுசா சேர்றவங்க சம்பளம்தான்.

இதுதாங்க எனக்குப் புரியல. தடுப்பூசி அட்டவணை, கர்ப்பிணிப் பதிவெல்லாம் அவ புதுசா கத்துக்கணும்தான். நானும்தான் ஜாவா புதுசா கத்துக்கிட்டேன். பழைய அனுபவத்தைக் கழிச்சுட்டா எனக்கு சம்பளம் போட்டாங்க? மானிட்டர் அலறுறதுக்கு முன்னாடியே முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கிறவ அவ. மானிட்டரும் இல்லாம, பக்கத்துல டாக்டரும் இல்லாம இருக்கற கிராமத்துல, யாரை உடனே செங்கல்பட்டு ஜிஹெச்சுக்கு அனுப்பணும்னு தெரிய அந்தக் கண்ணுதானே வேணும்?

வேலை மாறினா அனுபவம் வீணாகறதில்ல. அதை எண்ணாம விடறவங்கதான் வீணாக்கறாங்க.

நேத்து போன் பண்ணினேன். நைட் ட்யூட்டிக்குக் கிளம்பிட்டிருந்தா.