29,193 பேர் கணக்கு என்ன ஆயிற்று? சர்க்கார் பதில் சொல்லட்டும்!

டேனரிக் கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் நாசமாக்குகிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவனே நஷ்டஈடு கட்ட வேண்டும், கழிவைச் சுத்திகரிக்காத டேனரி இயங்கக் கூடாது, ஒவ்வொரு டேனரியும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது கோர்ட்டு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

நஷ்டஈட்டைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். 547 டேனரிகள் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று 2001 மார்ச்சில் அது உத்தரவிட்டது. வகுத்துப் பாருங்கள், தோழர்களே! தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை. இந்தச் சொற்பத் தொகைக்கும் இழுத்தடிப்பு! பாக்கியுள்ள நஷ்டஈட்டை ஆறு வாரத்தில் சர்க்காரே கொடுத்துவிட்டு முதலாளிகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவே ஓடிய 24 வருஷத்தில் சென்னைக் கோட்டையில் இரண்டு கழகங்களும் மாறி மாறி அமர்ந்தன. ஏழை வாங்கிய கடனுக்கு ஜப்தி நோட்டீசுடன் ஓடி வரும் தாசில்தாருக்கு, டேனரி கேட்டு மட்டும் கண்ணில் படவில்லையா?

பட்டா உள்ளவர் பெயராவது ஏதோ ஒரு காகிதத்தில் ஏறும். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்த பெண்ணுக்கு வேலை போயிற்றே, அதை எந்த ரிஜிஸ்டர் எழுதிற்று?

முதலாளிகளின் பழைய தந்திரம் ஒன்று உண்டு. "கிராமத்தான் கேஸ் போடுகிறான், டேனரி மூடினால் உன் அடுப்பு எரியாது" என்று தோல் தொழிலாளியின் காதில் ஓதுவார்கள். ஆனால் கழிவை ஆற்றில் விடுகிற முதலாளி தொழிலாளியை மட்டும் காப்பாற்றினானா? 2015 ஜனவரி 31-ந் தேதி ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக் கொண்டிருந்தவர்களைச் சேறு மூடியது. 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வயலைக் கெடுத்த அதே கழிவுதான் அவர்களையும் கொன்றது.

ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் 2025 தீர்ப்பு சொல்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எந்த ராத்திரி எத்தனை மணிக்கு மடை திறந்தது என்று குழுவுக்கு யார் சொல்வது? திறந்த தொழிலாளிக்குத் தெரியும். காலையில் வாய்க்காலில் நுரையைப் பார்த்த கூலிப் பெண்ணுக்குத் தெரியும். தனி ஆளாகச் சொன்னால் அவன் வேலை போகும். அவள் மனு குப்பைக்குப் போகும். ஆகவே சங்கம்தான் சொல்ல வேண்டும். டேனரித் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவில் தேதி, மணி, இடம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். இரு சங்கங்களின் பிரதிநிதிகளுக்கும் குழுவில் இடம் வேண்டும் என்று கேட்கிறோம்.

இப்போதே ஒரு வேலை தொடங்கலாம். 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று கலெக்டர் ஆபீசுகளுக்கும் மனு போகட்டும்: எங்கள் ஊரில் நஷ்டஈடு யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? எந்த டேனரி எவ்வளவு பாக்கி? வருகிற பதிலை மே முதல் தேதி, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாளில் உரக்கப் படியுங்கள். செத்தவர் பெயருக்குப் பணம் கொடுத்ததாக எழுதியிருந்தால், அவர் வாரிசை அங்கேயே எழுந்து நிற்கச் சொல்லுங்கள். அதைத் தீர்மானத்தில் ஏற்றாமல் கூட்டத்தை முடிக்க விடாதீர்கள்.