பேப்பர் எண்ணிக்கையை ஷேர் பண்றதுக்கு முன்னாடி, லேப்ல என்ன இருக்குன்னு கேளுங்க!



முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். 2024 ஆகஸ்ட்டில் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வந்தது. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்குன்னு முதல்முறையா ஒரு தனிப் பிரிவு. அதில் நம்ம அண்ணா பல்கலைக்கழகம் இந்தியாவிலேயே முதலிடம். அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து கார்டு டிசைன் பண்ணேன். கிண்டியோட அந்தச் செங்கல் கட்டடம், அதுமேல ஆராய்ச்சிக் கட்டுரைகளோட எண்ணிக்கை, பெரிய எழுத்தில். நீங்களும் ஷேர் பண்ணித் தள்ளினீங்க.

மறுநாள் காலையில என் ஸ்கூல் நண்பன்கிட்ட இருந்து மெசேஜ். வேறொரு காலேஜ்ல வேதியியல் பிஎச்.டி. பண்றான். "கார்டு சூப்பர் மச்சான். எங்க லேப்ல அசிட்டோநைட்ரைல் தீர்ந்து மூணு வாரம் ஆச்சு. அதுக்கும் ஒரு கார்டு போடேன்."

அசிட்டோநைட்ரைல் ஒரு கரைப்பான். ஒரு கலவையில் என்னென்ன, எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுக் காட்டற எச்.பி.எல்.சி. கருவிக்கு அது பெட்ரோல் மாதிரி. அது இல்லன்னா பல லட்சம் ரூபாய் மெஷின் சும்மா நிக்கும். பணம் இல்லாம இல்ல, ஃபைல் நகரல. சப்ளையருக்குப் பழைய பாக்கி அப்படியே நிக்குது. அவ்வளவுதான் காரணம்.

அந்த மெசேஜுக்கு அப்புறம் எனக்குள்ள ஒரு கேள்வி. நாம பெருமைப்படற 'ஆராய்ச்சி'ன்னா என்ன? கட்டுரை எண்ணிக்கையா?

கிண்டியையே எடுத்துக்குவோம். 1794-ல் நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்ச இடம். பக்கத்துல, அழகப்ப செட்டியார் கொடுத்த நன்கொடையில் 1944-ல் தொடங்கின ஏ.சி. டெக். அதையொட்டி 1948-ல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அது சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம்தான், ஆனா ஏ.சி. டெக்கோட தோல் தொழில்நுட்ப மாணவர்கள் தலைமுறை தலைமுறையா அங்கே படிக்கிறாங்க.

ஏன் இதைச் சொல்றேன்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோழர்களுக்குப் பாலாறு என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தோல் பதனிடும்போது போடற குரோமியத்தில், வழக்கமான முறைப்படி ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு தோல்ல ஏறாமலே கழிவுநீரோட வெளியே போயிடும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த் தீர்ப்பு வந்த பிரச்சினை அது. 'தண்ணீர் இல்லாத குரோம் பதனிடல்'னு அந்தத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு முறையை உருவாக்குச்சு. தொழிலும் நிக்கணும், ஆறும் பிழைக்கணும்னு யோசிச்ச வேதியியல் அது. இதுக்கு எத்தனை பேப்பர்னு கேட்டா அர்த்தம் இருக்கா?

இன்னொண்ணு. 2009 ஏப்ரல் 20. பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் 'அனுசாட்' போச்சு. 40 கிலோ எடை. இஸ்ரோ துணையோட அண்ணா பல்கலைக்கழகம் செஞ்சது, இந்தியப் பல்கலைக்கழகம் ஒண்ணு உருவாக்கின முதல் செயற்கைக்கோள். அதுல கை வச்சு வேலை பார்த்த பசங்க கத்துக்கிட்டதை எந்தத் தரவரிசைப் பட்டியலும் அளக்காது.

எண்ணிக்கையையே குறியா வச்சா என்ன ஆகும்? ஒரு ஆய்வை நாலா வெட்டி நாலு பேப்பர் போடுவாங்க. காசு கொடுத்து எழுதி வாங்கற கூட்டம் வரும். அப்புறம் இதழ்களே கட்டுரைகளைத் திரும்பப் பெறும். இது கற்பனை இல்ல. 2025 தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க ஆரம்பிச்சதே இதனாலதான்.

சரி, லேபுக்குப் போக வேண்டியது போகுதா? 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64%. சீனா 2 சதவீதத்துக்கு மேல. தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேல. பொதுப்பணத்தில் நடக்கற ஆய்வு நிறுவனங்கள் வாங்கற அறிவியல் கருவிகளுக்கு 5% இருந்த ஜி.எஸ்.டி., 2022 ஜூலையில் 18% ஆச்சு. அரசே கொடுக்கற பணம், அரசே வரியா திரும்ப எடுத்துக்குது!

2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக ரசாயனங்களோட சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 150 சதவீதமா ஏறுச்சு. எத்தில் ஆல்கஹாலை அந்தப் பேர்ல இறக்குமதி பண்றாங்களாம், அதைத் தடுக்கவாம். விஞ்ஞானிகள் சத்தம் போட்டதும், ஆய்வுக்குத்தான் வாங்கறோம்னு எழுதிக் கொடுக்கறவங்களுக்கு மறுபடி 10% ஆக்கினாங்க. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தப் பார்த்த கதை.

நல்லது நடந்தா அதையும் சொல்லணும். 2024 செப்டம்பரில் ஆராய்ச்சி மானியத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு கொடுக்க முடிவாச்சு, சரியான முடிவு. 'ஒரே நாடு ஒரே சந்தா' மூலமா கிண்டி மாணவன் படிக்கற இதழைச் சின்ன ஊர் அரசுக் கல்லூரி மாணவியும் படிக்க வழி வந்திருக்கு, வரவேற்போம். ஆனா ரசாயனம் இல்லாத லேப்ல இதழை மட்டும் படிச்சு என்ன பண்றது? ஜே.ஆர்.எஃப். மாசம் 37,000 ரூபாய்னு 2023-ல் உயர்த்தினாங்க. என் நண்பன் வாங்கறது வேற உதவித்தொகை. அது நாலு மாசம் வராம, சேர்த்து ஒரே தடவையா வந்தது. அதுவரைக்கும் அவன் ரூம் வாடகையை அவங்க அக்கா கட்டினாங்க.

தோழர்களே, இதை டெல்லி மேல மட்டும் தள்ளிவிட்டு நாம தூங்க முடியாது. மாநிலப் பல்கலைக்கழகம் நம்ம பொறுப்பு. ஆட்சியில யார் இருந்தாலும் நாம கேட்க வேண்டியது மூணு கேள்விதான்.

1. ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை மாசாமாசம் வருதா?
2. கருவி ஓடுதா? ரசாயனம் வாங்கற ஃபைல் எத்தனை நாள்ல நகருது?
3. கண்டுபிடிச்சது தொழிற்சாலைக்கோ, வயலுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ போச்சா?

இந்த மூணுக்கும் பதில் இருந்தா, முதலிடம் வந்த அன்னைக்கு இன்னும் பெருசா கொண்டாடலாம். நானே கார்டு போடறேன்.

கடைசியா ஒண்ணு. நண்பன் கேட்ட கார்டையும் போட்டேன். அவன் அனுப்பின காலி பாட்டில் படம், கீழே ஒரே வரி: 'இது நிரம்பினால்தான் அது நிரம்பும்.' லைக் கம்மிதான். பரவாயில்ல.

இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆய்வு மாணவருக்கு போன் போட்டு, "லேப்ல என்ன இல்ல?"ன்னு மட்டும் கேளுங்க. பேர் வேண்டாம், கல்லூரி வேண்டாம், அவங்களுக்குச் சிக்கல் வரக்கூடாது. என்ன இல்லைங்கறதை மட்டும் கீழே எழுதுங்க. பட்டியல் போடுவோம், கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்.

– தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர்

#லேப்ல_என்ன_இல்ல